எந்தச் சரக்கு?

சேலம் செவ்வாய்பேட்டை லீ பஜாரில் காலையில் ஒருவர் "சரக்கு இறங்கிடுச்சா?" என்று கேட்டால், பருப்பா மிளகாயா என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. அந்தக் கடையில் எது விற்கிறதோ அதுதான் சரக்கு. ஏற்காட்டுத் தோட்டத்தில் அதே கேள்விக்குக் காப்பிக்கொட்டை, இல்லையென்றால் நிழல்மரத்தில் படர்ந்த மிளகு. நாட்டு மருந்துக் கடையில் சுக்கும் திப்பிலியும். இரவில் பேருந்து நிலையத்துப் பக்கம் கேட்டால் மது.

விற்பனைக்கு உள்ள பொருள் என்பதுதான் இதன் பொது அர்த்தம். கன்னடம், தெலுங்கு, மலையாளத்திலும் சற்றே ஒலி மாறி இந்தச் சொல் இருக்கிறது. எந்தப் பொருள் என்பதைச் சொல் சொல்வதில்லை, இடம் சொல்கிறது. கேட்பவருக்குத் தெரிந்ததை நாம் வாயால் சொல்வதில்லை. 'மருந்துச் சரக்கு' என்று ஒரே கடையில் பத்துத் தடவை சொன்னால் முன்பாதி உதிர்ந்துவிடும். இதுவரை வெறும் சுருக்கம்தான். மாற்றம் நடப்பது பிள்ளைகளிடம். முழுச்சொல்லைக் கேட்டே இராத பிள்ளை, மிச்சமிருக்கும் பாதிக்கு அந்த ஒரு பொருள்தான் என்று எடுத்துக்கொள்கிறது. மொழியியலில் இது சிறப்புப் பொருட்பேறு. 'பொன்' இப்படித்தான் தங்கமானது. உலோகம் என்ற பழைய அர்த்தம் ஐம்பொன்னில் இன்னும் தங்கியிருக்கிறது. எண்ணெய் போனது எதிர்த்திசையில். எள்ளின் நெய்க்கு வைத்த பெயர் பிற எண்ணெய்களுக்கும் பரவியதால், எள்ளின் நெய்க்கே 'நல்லெண்ணெய்' என்று தனிப்பெயர் வைக்க வேண்டியதாயிற்று.

மதுவுக்கு வந்த கதை வேறு. அங்கே வேலை செய்தது கூச்சம். பெயரைச் சொல்லத் தயங்கி ஒரு பொதுச்சொல்லால் மூடினார்கள். மூடிய துணியிலேயே வாசனை ஏறிவிட்டது. பேத்தியின் பிரசவத்துக்காக எங்கள் அம்மாயி ஒரு கடையில் "பிள்ளை பெத்தவளுக்குச் சரக்கு வேணும்" என்று கேட்டபோது, அங்கிருந்த பையன்கள் சிரித்துவிட்டார்கள். அம்மாயிக்கு ஏன் என்றே புரியவில்லை. எனக்கு இன்னும் அது வலிக்கிறது, ஏனென்றால் சொல்லைச் சரியாகச் சொன்னது அவர்தான்.

"அந்த ஆளிடம் சரக்கு இருக்கு" என்று அறிவைப் பாராட்டும்போதும் இதே சொல்தான் வருகிறது. சட்டம் இன்னும் பழைய அகலத்திலேயே வைத்திருக்கிறது. 2017 ஜூலை 1 முதல் நாம் கட்டுவது சரக்கு மற்றும் சேவை வரி. குடிக்கும் மது மட்டும் அந்த வரிக்குள் வராது; அதற்கு மாநில அரசு தனியே வரி போடுகிறது.