மணலின் சூடு செய்யும் வேலை

செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஒரே மரம்தான், ஆண் பூவும் விடும், பெண் பூவும் விடும். பெண் பூதான் குலையாகும். கடும் வறட்சி வந்தால் மரம் அப்போது ஒன்றும் காட்டாது. ஏறக்குறைய இரண்டு வருஷம் கழித்து ஆண் பூவாகத் தள்ளும், வெட்டுவதற்குக் குலை இருக்காது. “மரம் ஞாபகம் வச்சிருந்து பழி வாங்குது” என்பார் அப்பா. மலேசியாவில் பேராக் மாநிலத்து ஆயர் தாவார் பக்கம் தோட்டத்து நாற்று மேடையிலேயே காலத்தைக் கழித்தவர்.

அவரிடம் ஒருநாள் போனில் ஒரு படம் காட்டினேன். கடற்கரை மணல், வரிசையாகக் குச்சிகள், மேலே கறுப்பு வலை. “யாரு வீட்டு நர்சரி?” என்று கேட்டார். கடலாமை முட்டைகளைப் புதைத்து வைத்திருக்கும் பொரிப்பிடம் அது. வலை மட்டும் நம் நர்சரி வலைதான். முளைத்து வரும் செம்பனைக் கன்றுக்கு வெயில் தாங்காது என்று கட்டுகிறோம். ஆமை முட்டைக்கு எதற்கு?

எங்கள் ஊரிலிருந்து மோட்டாரில் ஒரு மணி நேரத்துக்குள் செகாரி கடற்கரை வந்துவிடும். பேராமைகள் முட்டையிட அங்கே கரையேறுகின்றன, மீன்வளத் துறையின் ஆமைப் பாதுகாப்பு மையமும் இருக்கிறது. இரவில் ஏறி வரும் தாய், பின் துடுப்புகளை மாற்றி மாற்றிக் குழி தோண்டும். வாய் குறுகி அடி அகன்று, சொம்பைப் புதைத்து எடுத்தது போல இருக்கும் அந்தக் குழி. அதற்குள் நூறு முட்டைவாக்கில் இடும். பிங்பாங் பந்து அளவு, ஓடு மட்டும் தோல் மாதிரி, விரலால் அழுத்தினால் குழியும். மணலைத் தள்ளி மூடிவிட்டுக் கடலுக்குப் போனால் திரும்பிப் பார்க்காது.

ஆமை நினைத்தே குஞ்சு பொரிக்கும் என்று நம் பெரியவர்கள் சொல்வதுண்டு. அழகான நினைப்பு. ஆனால் அடைகாப்பது மணல். குஞ்சு ஆணா பெண்ணா என்று முடிவு செய்வதும் அதே மணல்தான்.

நமக்கெல்லாம் ஆணா பெண்ணா என்பது கருவான நேரத்திலேயே குரோமோசோமில் எழுதியாகிவிடுகிறது. கடலாமைக்கு அப்படி எழுத்தே கிடையாது. முட்டை மணலில் கிடக்கும் சுமார் 60 நாளில், நடு மூன்றில் ஒரு பங்கு நாட்களில் அடிக்கும் சூடுதான் கணக்கு. ஏறத்தாழ 29 டிகிரி செல்சியஸ் என்றால் பாதிக்குப் பாதி. இரண்டு மூன்று டிகிரி இறங்கினால் எல்லாம் ஆண், ஏறினால் எல்லாம் பெண். சூடு கூடும்போது கருவுக்குள் அரோமடேஸ் என்ற நொதி அதிகம் வேலை செய்து, ஆண் ஹார்மோனைப் பெண் ஹார்மோனாக மாற்றுகிறது. கரு பெண்ணாக வளர்கிறது. இன்னும் ஏறி 34, 35 என்று நின்றால் முட்டையே வெந்த மாதிரிதான், குஞ்சு வராது.

செம்பனை தாகத்தில் ஆணாகிறது, ஆமை சூட்டில் பெண்ணாகிறது. அப்பாவுக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது.

இது தெரியாமல்தான் கிழக்குக் கரையில் திரங்கானு மாநிலத்து ரந்தாவ் அபாங் கடற்கரையில் ஒரு தப்பு நடந்தது. அங்கே வந்தது ஏழுவரி ஆமை. முதுகில் வரி வரியாக ஓடும் மேடுகளைப் பார்த்து மலாய்க்காரர்கள் பெலிம்பிங் என்ற நட்சத்திரப் பழத்தின் பெயரை வைத்தார்கள். 1950களில் வருஷத்துக்குச் சுமார் 10,000 கூடுகள் இருந்த கரை அது. முட்டையை எடுத்து விற்றார்கள், கடலில் வலையில் சிக்கி ஆமைகள் செத்தன. ஆமைகள் குறைந்து போனதற்கு இந்த இரண்டும்தான் பெரிய காரணம். 1960களிலேயே பொரிப்பிடம் வைத்துக் காப்பாற்றவும் பார்த்தார்கள். ஆனால் முட்டைகளை நிழலில்லாத திறந்த மணலில் புதைத்தார்கள். பிற்பாடு வெப்பநிலையை அளந்து பார்த்தபோது, அங்கே பொரிந்தவை ஏறக்குறைய எல்லாமே பெண்ணாக இருந்திருக்க வேண்டும் என்று தெரிந்தது. கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. கடலாமைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை வெப்பம் தீர்மானிக்கிறது என்று அப்போது யாரும் கண்டுபிடித்திருக்கவில்லை. இன்று ரந்தாவ் அபாங்கில் ஏழுவரி ஆமை வருவதே அபூர்வம். ஆமை முட்டை விற்பனையைத் திரங்கானு முழுசாகத் தடை செய்தது 2022இல்தான்.

படத்தில் பார்த்த வலை மணல் சூட்டைக் குறைக்கத்தான். ஆனால் வலை கட்டிவிட்டால் போதும் என்றும் இல்லை. எல்லாக் கூட்டையும் நிழலில் வைத்தால் எல்லாம் ஆணாகப் போகலாம். கரையில் மரம் இருந்தால் சில கூடு நிழலில், சில கூடு வெயிலில் என்று தானாகவே கலந்து அமையும். அதனால்தான் கரையோர மரத்தை வெட்டி ‘சுத்தம்’ செய்யும் போது எனக்கு எரிச்சல் வருகிறது. திருட்டுப் பயமோ அலை அரிக்கும் பயமோ இல்லாத இடத்தில், தாய் இட்ட இடத்திலேயே விட்டுவிடுவதுதான் நல்லது. எடுத்தே ஆக வேண்டும் என்றால் இட்ட இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு கரு ஓட்டின் உள்பக்கம் ஒட்டிக்கொள்ளும், முட்டையைப் புரட்டினால் செத்துவிடும்.

வெளிச்சமும் கெடுக்கும். குஞ்சுகள் பெரும்பாலும் மேல்மணல் ஆறிய இரவில்தான் வெளியே வரும், அடிவானத்தில் எங்கே வெளிச்சமோ அதுதான் கடல் என்று ஓடும். கரையில் கடை விளக்கு எரிந்தால் கடைப் பக்கம் வந்துவிடும்.

“சரி, ஓடுறதுல எது ஆண், எது பொண்ணு?” என்று கேட்டார் அப்பா. குஞ்சை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாலும் தெரியாது. வளர்ந்த ஆணுக்கு வால் நீளமாக இருக்கும். அதற்கு இருபது, முப்பது வருஷம்கூட ஆகலாம்.

“செம்பனை தேவலை” என்றார்.