மாதத்துக்கு இரண்டு நாள்தானே என்கிறீர்கள்

காலாண்டுத் தேர்வுக்குப் பிந்தைய பெற்றோர் கூட்டத்தில் இந்த முறையும் ஒரு தாயார் அதையே சொன்னார்: "மாசத்துக்கு ரெண்டு நாள்தானே டீச்சர் லீவு போடுறான், நோட்டை வாங்கி எழுதிக்குவான்." பதினேழு ஆண்டுகளாகக் கணிதம் கற்பிக்கும் நான் இதைக் கேட்காத கூட்டமே இல்லை என்பதால், இனியாவது எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 220 வேலை நாள்களை வகுத்திருக்கிறது. மாதம் இரண்டு நாள் என்றால் பத்து மாதத்தில் 20 நாள். அதாவது ஏறக்குறைய ஒரு மாதப் பள்ளி. இதற்கு மேல் காய்ச்சலும் ஊர்த் திருவிழாவும் இருக்கின்றன.

அடுத்தது அந்த நோட்டு. சமன்பாடு தொடங்கிய நாளில் வராத எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன், நண்பனின் நோட்டைப் பார்த்து அத்தனை கணக்கையும் முத்து முத்தாக எழுதி வைத்திருந்தான். "ஓர் எண்ணோடு 5-ஐக் கூட்டினால் 20" என்ற கணக்கில் 20-இலிருந்து 5-ஐக் கழித்துச் சரியாக 15 என்று எழுதியிருந்தான். "ஓர் எண்ணிலிருந்து 7-ஐக் கழித்தால் 20" என்று கரும்பலகையில் எழுதிக் கொடுத்தேன். அதிலும் கழித்து 13 என்றான். ஏன் என்று கேட்டதற்கு, "நோட்டுல கழிச்சுத்தான் டீச்சர் இருந்துச்சு" என்றான். விடையை நோட்டு தந்துவிடும். ஆனால், அந்த விடைக்கு எப்படி வந்தோம் என்று வகுப்பில் நாற்பது பேர் சேர்ந்து தடுமாறி, தவறாகச் சொல்லி, திருத்திக்கொண்ட அந்த முக்கால் மணி நேரத்தை எந்த நோட்டும் தராது. டியூஷனும் தராது, ஏனெனில் அங்கே பெரும்பாலும் நடப்பது வீட்டுப்பாடத்தை முடித்துக் கொடுப்பதுதான்.

வருகைப் பதிவேட்டைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு ஒன்று தெரியும்: திங்கட்கிழமை வராத பிள்ளை, பாடம் புரியாத கூச்சத்தில் செவ்வாயும் வராது. பள்ளி இடைநிற்றல் பெரும்பாலும் இப்படித்தான் சத்தமில்லாமல் தொடங்குகிறது.

காய்ச்சலோ அம்மையோ என்றால் பிள்ளையை வீட்டில்தான் வைத்திருக்க வேண்டும். அன்று காலையிலேயே வகுப்பாசிரியருக்குத் தெரிவித்துவிடுங்கள். காதுகுத்தையும் புதுமனை புகுவிழாவையும் விடுமுறை நாளில் வையுங்கள். வெளியூர்த் திருமணம் முடிந்து ஞாயிறு இரவே ஊர் திரும்புங்கள்; திங்களன்று பேருந்தில் தூங்கி வருவதற்குப் பள்ளியைப் பலியிடாதீர்கள். விடுப்பு முடிந்து வரும் பிள்ளையிடம் "என்ன எழுதினாய்" என்று கேட்காமல் "எது புரியவில்லை" என்று கேட்டு, அதை எங்களிடம் சொல்லி அனுப்புங்கள்.

இன்னொரு வேண்டுகோள், குறிப்பாகப் பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு. நீங்கள் வேலைக்குப் போகும் நாளில் மூன்று வயதுத் தங்கையைப் பார்த்துக்கொள்ள ஏழாம் வகுப்புப் பெண்ணை நிறுத்திவிடுகிறீர்கள். உங்கள் கஷ்டம் எனக்குப் புரிகிறது. சின்னவளை அங்கன்வாடியில் சேர்த்துவிடுங்கள், அங்கே சாப்பாடும் கிடைக்கும். பெரியவளை தயவுசெய்து எங்களிடம் அனுப்புங்கள்.