புகைபோக்கிக்கு வரம்பு போட்டால் மட்டும் போதுமா?

ஆலைகளின் புகைபோக்கியில் ஏறி மாதிரி எடுப்பதும், அந்த ஆலைகளுக்குத் தரப்படும் அனுமதி ஆணைகளைப் படித்துக் கருத்து எழுதுவதும் என் தொழில். ஆலைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "சட்டம் இருக்கு, வரம்பு இருக்கு, ஆலையும் வரம்புக்குள்ளதான் இருக்குன்னு சொல்றாங்க. அப்புறம் எதுக்குப் பயப்படணும்?" நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கான பதிலைச் சட்டப் புத்தகத்தில் தேடக் கூடாது. அந்த ஓர் ஆலைக்கென்று எழுதிய அனுமதி ஆணையில் தேட வேண்டும். வரம்பு என்ன என்பதோடு, அதை எப்போது, எங்கே, எந்த நிலையில் அளக்க வேண்டும் என்றும் ஆணை தெளிவாகச் சொல்லவில்லை என்றால், அந்த வரம்பு காகிதத்தோடு நின்றுவிடும்.

தூசி, கந்தக டை ஆக்சைடு போன்றவை எல்லா ஊர்க் காற்றிலும் பரவலாக இருப்பவை. நச்சு மாசு என்று தனியாகப் பிரிப்பது வேறு வகை. பென்சீன், பார்மால்டிஹைடு, எத்திலீன் ஆக்சைடு, ஆர்சனிக், பாதரசம், ஹெக்சாவேலன்ட் குரோமியம், டையாக்சின் என்று அந்தப் பட்டியல் நீளும். மிகக் குறைந்த அளவில் இருந்தாலும், வருடக் கணக்கில் சுவாசிக்கும்போது இவை புற்றுநோயையோ நரம்புக் கோளாறையோ கொண்டுவரக்கூடும். பென்சீனைப் பொறுத்தவரை பாதுகாப்பான அளவு என்று எதையும் பரிந்துரைக்க முடியாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. மூக்கையும் நம்ப முடியாது. பென்சீன் வாடை தெரியும் அளவுக்குக் காற்றில் சேரும் நேரத்தில், அது கவலைப்பட வேண்டிய அளவை எப்போதோ தாண்டியிருக்கும்.

இவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, எவ்வளவு இருந்தால் ஆபத்து என்று நிரூபித்த பிறகு வரம்பு போடலாம் என்றுதான் அமெரிக்கா 1970-இல் தன் தூய காற்றுச் சட்டத்தைத் தொடங்கியது. ஒவ்வொரு பொருளுக்கும் அறிவியல் விவாதம், வழக்கு, தாமதம். 20 வருடம் கழிந்தபோது தரநிலை வந்திருந்தது 7 பொருள்களுக்கு மட்டுமே. அதற்கிடையில் 1984 டிசம்பரில் போபாலில் மெத்தில் ஐசோசயனேட் கசிந்து ஆயிரக்கணக்கானவர்கள் இறந்தார்கள். 1990-இல் சட்டத்தைத் திருத்தியபோது முறையையே மாற்றினார்கள். 189 பொருள்களைச் சட்டத்திலேயே பட்டியலிட்டார்கள். ஒரே நச்சு மாசை வருடத்துக்கு 10 டன்னோ, எல்லாம் சேர்த்து 25 டன்னோ வெளியிடக்கூடிய ஆலை பெரிய ஆலை என்று வகுத்தார்கள். அந்தத் தொழிலில் மிகச் சிறப்பாகச் செயல்படும் 12 சதவீத ஆலைகள் எட்டியிருக்கும் சராசரி அளவை, ஏற்கெனவே இயங்கும் மற்ற ஆலைகளும் குறைந்தபட்சம் எட்ட வேண்டும் என்றார்கள். பக்கத்து ஆலை செய்து காட்டியதை "எங்களால் முடியாது" என்று சொல்ல இதில் வழியில்லை. நச்சுக் காற்று விஷயத்தில் எடுக்கப்பட்ட மிக நல்ல முடிவுகளில் ஒன்று இது என்பேன்.

சரி, தரநிலை வந்துவிட்டது. அது களத்தில் என்ன ஆகிறது என்று பார்ப்போம்.

கழிவு எரிக்கும் உலையில் டையாக்சினுக்கு ஐரோப்பாவில் வெகுகாலமாக இருந்துவரும் வரம்பு, ஒரு கன மீட்டர் புகைக்கு 0.1 நானோகிராம். இதோடு ஒட்டிக்கொண்டு ஒரு நிபந்தனை உண்டு: புகையில் 11 சதவீத ஆக்சிஜன் இருப்பதாகக் கணக்கிட்டுத்தான் இந்த எண்ணைச் சொல்ல வேண்டும். இது ஏன் தேவை? ஓர் உலையில் அளந்ததில் 0.06 வந்தது என்று வைத்துக்கொள்வோம். வரம்புக்குள் இருக்கிறது, நல்லது என்று தோன்றும். ஆனால் அந்தப் புகையில் ஆக்சிஜன் 16 சதவீதம் இருந்தால், வெளிக்காற்று நிறையக் கலந்திருக்கிறது என்று பொருள். சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். அந்த 21-இலிருந்து 11-ஐக் கழித்தால் 10. 21-இலிருந்து 16-ஐக் கழித்தால் 5. பத்தை ஐந்தால் வகுத்து வரும் 2-ஆல் 0.06-ஐப் பெருக்கினால் 0.12. வரம்பைத் தாண்டிவிட்டது. ஆக்சிஜன் திருத்தம் பற்றி ஆணையில் ஒரு வரி இல்லாவிட்டால், ஒரு மின்விசிறியை வேகமாக ஓடவிட்டே எந்த வரம்புக்குள்ளும் வந்துவிடலாம். உலையிலிருந்து வெளியேறும் நஞ்சு ஒரு துளிகூடக் குறைந்திருக்காது.

அடுத்து, அளக்கும் நேரம். சோதனைக்கு ஆள் வரும் நாளில் ஆலை பாதிச் சுமையில் ஓடுவதை இந்தத் தொழிலில் இருக்கும் எல்லாரும் பார்த்திருப்போம். ஓர் உற்பத்தி வரிசை இயங்கும், இன்னொன்று "பராமரிப்பில்" இருக்கும். முழு உற்பத்தித் திறனுக்கு நெருக்கமாக ஓடும்போதுதான் சோதனை செய்ய வேண்டும், அன்றைய மூலப்பொருள் அளவையும் அறிக்கையில் எழுத வேண்டும் என்று ஆணையில் இருந்தால் இதற்கு இடமில்லை. உலையைப் பற்றவைக்கும் நேரமும் அணைக்கும் நேரமும் இன்னும் மோசம். உலை சூடேறாத நிலையில் கழிவைப் போட்டால் அரைகுறையாக எரிந்து நச்சுகள் பெருகும். அதனால்தான் 850 டிகிரியைத் தொடும்வரை கழிவு உள்ளே போகாதபடி தானியங்கித் தடுப்பு இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய விதிகள் சொல்கின்றன. அமெரிக்காவில் இந்த நேரங்களுக்கு நச்சு மாசு வரம்பிலிருந்து விலக்கு இருந்துவந்தது. 2008-இல் வாஷிங்டனில் உள்ள கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த விலக்கை ரத்து செய்தது. தரநிலை எல்லா நேரத்துக்கும் பொருந்த வேண்டும் என்பதே தீர்ப்பின் சாரம்.

இவ்வளவும் புகைபோக்கி வழியாகப் போவதற்கு. ஆனால் பென்சீன் போன்ற எளிதில் ஆவியாகும் பொருள்களைக் கையாளும் இடங்களில் புகைபோக்கி கதையின் ஒரு பகுதிதான். வால்வு, பம்ப் சீல், குழாய் இணைப்பு, சேமிப்புத் தொட்டியின் கூரை, கழிவுநீர்க் குட்டை என்று நூற்றுக்கணக்கான இடங்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். ஒவ்வொன்றும் அற்பம், எல்லாம் சேர்ந்தால் புகைபோக்கியை மிஞ்சிவிடலாம். இதற்கு அமெரிக்க சுத்திகரிப்பு ஆலைகளுக்கான 2015 விதி கொண்டுவந்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. ஆலையின் மதில் ஓரமாகச் சுற்றிலும் காற்றிலுள்ள பென்சீனை உறிஞ்சிக்கொள்ளும் விரல் அளவு குழாய்களைத் தொங்கவிடுகிறார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். ஒவ்வொரு முறையும் வேலியில் பதிவான மிக அதிக அளவுக்கும் மிகக் குறைந்த அளவுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஏறக்குறைய ஆலையின் பங்கு. இதன் ஆண்டுச் சராசரி கன மீட்டருக்கு 9 மைக்ரோகிராமைத் தாண்டினால், கசிவு எங்கே என்று ஆலையே தேடிக் கண்டுபிடித்துச் சரிசெய்ய வேண்டும். அளவீடுகள் பொதுமக்கள் பார்வைக்கும் வருகின்றன. விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். இதை எந்த உள்ளூர் அதிகாரியும் ஓர் அனுமதி ஆணையில் நிபந்தனையாக எழுதலாம்.

இதேபோல் கவனிக்காமல் விடப்படுவது கட்டுப்பாட்டுக் கருவியின் பராமரிப்பு. ஆவியைப் பிடிக்கக் கரி நிரப்பிய வடிகலன் வைத்திருப்பார்கள். புதுக் கரி அருமையாக உறிஞ்சும். நிறைந்த பிறகு, உள்ளே போகும் பென்சீன் அப்படியே வெளியே வரும். பார்வைக்குக் கலன் அதே கலன்தான். "கரி வடிகலன் பொருத்த வேண்டும்" என்று மட்டும் எழுதிய ஆணைகள் எத்தனையோ. வெளியேறும் முனையில் எத்தனை நாளுக்கு ஒருமுறை அளக்க வேண்டும், எந்த அளவு தெரிந்தால் கரியை மாற்ற வேண்டும், மாற்றியதற்கான பதிவு எங்கே இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதினால்தான் அது நிபந்தனை. புகையை நீரால் கழுவும் ஸ்க்ரப்பர் என்றால் நீரின் ஓட்டம், காரத்தன்மை. தூசியைப் பிடிக்கும் துணிப்பை வடிகட்டி என்றால் அதன் இரு பக்கத்து அழுத்த வேறுபாடு. இவற்றைப் பதிவு செய்யச் சொல்ல வேண்டும். புகைபோக்கியில் வருடத்துக்கு ஓரிரு முறைதான் மாதிரி எடுப்போம், மற்ற நாள்களுக்கு இந்தப் பதிவுகள்தான் சாட்சி.

தேசிய அளவிலான தரநிலை ஒரு தொழிலுக்கே பொதுவானது. இந்தத் தெருவில் பள்ளிக்கூடம் இருக்கிறதா, பக்கத்தில் இதே மாதிரி இன்னும் மூன்று ஆலைகள் இருக்கின்றனவா என்று அது பார்ப்பதில்லை. பார்க்க வேண்டியது உள்ளூர் அனுமதிதான். லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியின் காற்றுத் தர மேலாண்மை மாவட்டம் என்ற உள்ளூர் ஒழுங்குமுறை அமைப்பு 1990 முதல் வைத்திருக்கும் விதி இதற்கு நல்ல உதாரணம். புதிதாக ஒரு கருவி நிறுவ அனுமதி கேட்டால், அதனால் மிக அதிகமாகப் பாதிக்கப்படக்கூடியவருக்குப் புற்றுநோய் வாய்ப்பு எவ்வளவு கூடும் என்று கணக்குக் காட்ட வேண்டும். 10 லட்சத்தில் ஒன்றுக்கு மேல் போனால் நச்சு மாசுக்கான மிகச் சிறந்த கட்டுப்பாட்டுக் கருவி கட்டாயம். அதை வைத்தும் 10 லட்சத்தில் பத்தைத் தாண்டினால் அனுமதி இல்லை.

அனுமதி வழங்கிய பிறகு அறிவியல் நகர்ந்துவிடுவதும் உண்டு. மருத்துவக் கருவிகளைக் கிருமிநீக்கம் செய்யும் எத்திலீன் ஆக்சைடு, முன்பு நினைத்ததைவிடப் பல மடங்கு புற்றுநோய்த் திறன் கொண்டது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2016-இல் முடிவுக்கு வந்தது. அந்த ஆலைகளுக்கான தரநிலையோ 1994-இல் எழுதப்பட்டது. அது கடுமையாக்கப்பட்டது 2024-இல்தான். இல்லினாய் மாநிலத்தின் வில்லோபுரூக் மக்கள் அதுவரை காத்திருக்கவில்லை. தங்கள் ஊர்க் காற்றை அளக்கச் சொல்லிப் போராடினார்கள். 2019 பிப்ரவரியில் அங்கிருந்த ஆலையில் எத்திலீன் ஆக்சைடு பயன்படுத்துவதை மாநில முகமை முத்திரையிட்டு நிறுத்தியது. ஆலை மறுபடி திறக்கவே இல்லை.

இந்தியாவில் 1981 காற்றுச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி தரப்படும் இசைவாணைதான் இந்த அனுமதி. சுற்றுப்புறக் காற்றுக்கான 2009 தரநிலையில் பென்சீன், ஆர்சனிக், நிக்கல், ஈயம், பென்சோபைரீன் எல்லாம் இருக்கின்றன. பென்சீனுக்கு ஆண்டுச் சராசரி கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம். ஆனால் அது நாம் சுவாசிக்கும் காற்றுக்கான அளவு. குறிப்பிட்ட ஆலை எவ்வளவு வெளியிடலாம் என்பதை அதன் இசைவாணை தனியாகச் சொல்ல வேண்டும்.

எந்த நாடாக இருந்தாலும், புதிய ஆணை எழுதும்போதும் பழையதைப் புதுப்பிக்கும்போதும்தான் நிபந்தனைகளை மாற்றுவது எளிது. அமெரிக்காவில் பெரிய ஆலைகளின் இயக்க அனுமதியை 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். வரைவை வெளியிட்டு மக்கள் கருத்துச் சொல்லக் குறைந்தது 30 நாள் தர வேண்டும். அந்த நேரத்தில் "ஆலையை மூடு" என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்தால் அதிகாரிக்குப் பதில் சொல்வது சுலபம். "நிபந்தனை 7-இல் கரி மாற்றும் காலம் இல்லை, நிபந்தனை 9-இல் சோதனை நாளின் உற்பத்தி அளவு இல்லை, வேலியோர அளவீடு எதுவும் இல்லை" என்று எண் குறிப்பிட்டு எழுதினால், ஒவ்வொன்றுக்கும் அவர் எழுத்தில் விளக்கம் தர வேண்டிவரும். ஆணையின் நகலை இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காலாவதித் தேதி பெரும்பாலும் முதல் பக்கத்திலேயே இருக்கும்.