பறக்கும் தட்டு: தத்தியது தட்டானது

பறக்கும் தட்டு (பெயர்ச்சொல்): வானில் கண்டு, இன்னதென்று சொல்ல முடியாமற்போன பொருளுக்குப் பத்திரிகைகள் வைத்த பெயர். 'வேற்றுக்கிரகவாசிகளின் ஊர்தி' என்பது பிறகு ஏறிக்கொண்ட பொருள்.

1947 ஜூன் 24 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ரெய்னியர் மலையருகே சிறு விமானம் ஓட்டிச் சென்ற கென்னத் ஆர்னல்ட் ஒன்பது பளபளப்பான பொருள்களைக் கண்டார். தேநீர்க் கோப்பையின் அடித்தட்டை நீர்ப்பரப்பில் வீசினால் அது எப்படித் தத்தித் தத்திப் போகுமோ, அப்படிப் போயின என்றுதான் சொன்னதாக அவர் பின்னர் விளக்கினார். அது அசைவுக்கான உவமை. வடிவம் கேட்டபோது அவர் வரைந்து கொடுத்தது முன்புறம் வளைந்து பின்புறம் கூம்பிய ஒன்று. செய்தியாளர்கள் உவமையைப் பிடித்து உருவமாக்கினார்கள். தத்தியது தட்டானது. அதன்பின் கண்டவர்கள் பலரும் வட்டத்தட்டையே கண்டார்கள் என்பதுதான் வேடிக்கை.

சிங்களத்தில் இது 'பியாம்பன பீரிசி'. பீரிசி என்பது போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொல். கோப்பைக்கு அடியில் வைக்கும் அதே சிறு தட்டு. தமிழில் அந்த நுட்பம் போய், சோறு போடும் தட்டும் இதுவும் ஒன்றாகிவிட்டன.

இரண்டே வாரத்தில், ஜூலை 8 அன்று, அமெரிக்காவின் ரொஸ்வெல் நகர நாளிதழ் விமானப்படை ஒரு பறக்கும் தட்டைக் கைப்பற்றியதாகத் தலைப்பிட்டது. மறுநாள் இதழ்களிலேயே 'வானிலை பலூன்' என்று மறுப்பு வந்தது. அது அணுவெடிச் சோதனைகளை ஒட்டுக்கேட்க விட்ட மோகுல் என்ற இரகசியத் திட்டத்தின் பலூன் தொகுதி என்று விமானப்படை விளக்கியது 1994இல். இடைப்பட்ட காலத்தில் டேப்லாய்டுகள் கொழுத்தன. (டேப்லாய்டும் ஒரு மாத்திரைதான்: 1884இல் ஒரு மருந்துக் கம்பனி தன் அழுத்திய மாத்திரைகளுக்குப் பதிந்த வணிகப்பெயர். சுருங்கியது என்ற பொருளில் பிறகு நாளிதழுக்கு வந்தது. அளவைக் குறிக்கையில் 'சிற்றளவு நாளிதழ்', போக்கைக் குறிக்கையில் 'பரபரப்பு இதழ்' என எழுதலாம். இரண்டையும் குழப்பக்கூடாது, சிற்றளவில் வரும் கண்ணியமான ஏடுகளும் உண்டு.)

'பறக்கும் தட்டு' என்ற கேலிக்குரிய பெயரைத் தவிர்க்கத்தான் 1950களின் தொடக்கத்தில் அமெரிக்க விமானப்படை யூஎஃப்ஓ (Unidentified Flying Object) என்ற சொல்லுக்கு மாறியது. அதுவும் கெட்டுப்போனதால் இப்போது யூஏபி (Unidentified Anomalous Phenomena). நாசாவின் ஆய்வுக்குழு 2023 செப்டெம்பரில் வெளியிட்ட அறிக்கை, வேற்றுக்கிரகத் தொடர்புக்குச் சான்று கிடைக்கவில்லை என்றது. இவ்விடயத்தின் மீதுள்ள இளக்காரம் நல்ல தரவு சேர்வதைத் தடுக்கிறது என்றும் சொன்னது.

தமிழில் என்ன எழுதுவது? 'அடையாளம் காண முடியாத' என்பது பிழை. காணவில்லை என்பதும் காணவே முடியாது என்பதும் வேறு. 'இனந்தெரியாத' என்பதைக் கொழும்பில் எழுதினால் வாசகருக்குக் குற்றச்செய்திகளின் 'இனந்தெரியாத நபர்கள்' நினைவு வரும்; செய்தவன் ஒருவன் ஒளிந்திருக்கிறான் என்ற தொனி தானாகச் சேரும். 'மர்மப் பொருள்' பேசவே வேண்டாம். சுகாதாரச் செய்திகளில் 'தொற்றாளர்கள் இனங்காணப்பட்டனர்' என்கிறோமே, அதுவே இங்கு பொருந்தும்: யூஎஃப்ஓவுக்கு இனங்காணப்படாத வான்பொருள், யூஏபிக்கு இனங்காணப்படாத விந்தை நிகழ்வு.

இந்த வேறுபாடு வெறும் இலக்கணமல்ல. இத்தகைய முறைப்பாடுகளை விசாரித்த அமெரிக்க விமானப்படையின் புளூ புக் திட்டம் 1969இல் மூடப்பட்டபோது 12,618 முறைப்பாடுகளில் 701 இனங்காணப்படாமல் எஞ்சின. பரபரப்பு இதழில் அது '701 விண்கலங்கள்' ஆகும். உண்மையில் 'இனங்காணப்படவில்லை' என்பதற்கு அதற்கு மேல் பொருளில்லை. நமக்குக் கிட்டிய உதாரணம் 2015 நவம்பர் 13: டபிள்யூடி1190எஃப் என்ற பொருள் இலங்கையின் தென்கடலுக்கு மேலே, முற்பகல் 11.48 அளவில் வளிமண்டலத்துள் எரிந்தது. மனிதர் ஏவிய ஏதோவொன்றின் துண்டு என்று கருதப்பட்டது; எதன் துண்டு என்பது அப்போது உறுதியாகத் தெரியாது. ஆனாலும் விழும் இடமும் நேரமும் முன்கூட்டியே கணிக்கப்பட்டு, விமானத்திலிருந்து படமும் பிடித்தார்கள்.

ஆகவே செய்தி எழுதுபவர் கேட்கவேண்டியவை: நிமிடம் வரை நேரம், திசை, எவ்வளவு நேரம் தெரிந்தது, அடிவானிலிருந்து எத்தனை முட்டி உயரம் (கையை நீட்டி விரல்களை மடக்கிய முட்டியின் அகலம் ஏறத்தாழ 10 பாகை). 'பெரிதாக இருந்தது' என்பதால் பயனில்லை. தூரம் தெரியாமல் பருமன் தெரியாது. மாலையில் மேற்கே அசையாமல் நின்றால் முதலில் வெள்ளியைப் பாருங்கள். சில நிமிடங்களில் சிமிட்டாமல் கடந்தால் சர்வதேச விண்வெளி நிலையம். வரிசையாக ஒளிப்புள்ளிகள் போனால் ஸ்டார்லிங்க். கட்டுநாயக்கவில் இறங்க நேர் எதிரே வரும் விமானத்தின் விளக்கு நிமிடக்கணக்கில் நகராததுபோல் தெரியும்.

கைத்தொலைபேசி வீடியோவில் 'தட்டு' தெரிந்தால் இன்னும் கவனம். இருட்டில் சிறு ஒளிப்புள்ளியை ஸூம் செய்தால் குவியம் தவறி, அந்தப் புள்ளி ஒளிவட்டமாகப் பரவும். குவியம் தேடித் தேடி மாறுவதால் அது சுருங்கி விரியும். எனவே ஸூம் செய்யாமல், ஒரு கூரையோ தென்னையோ சட்டகத்துள் வரும்படி எடுத்த மூலக் கோப்பைக் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது சுருக்கப்படும். ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள்.