மாரத்தானில் பேசிக்கொண்டே ஓடியவர்

"ஓடிய மறுநாள் தொடை வலிக்கிறதே, லாக்டிக் அமிலம் தேங்கிவிட்டதாலா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. ஓட்டம் முடிந்து ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் ரத்தத்தில் லாக்டேட் (லாக்டிக் அமிலம் உடலில் இருக்கும் வடிவம்) பழைய அளவுக்கு வந்துவிடும். மறுநாள் வலி, தசை இழைகளில் விழுந்த நுண்ணிய கிழிசல்களாலும் அதையொட்டிய அழற்சியாலும் வருவது. "தேங்கிய அமிலத்தைப் பிழிந்து எடுக்கிறோம்" என்று மசாஜுக்குக் கட்டணம் வாங்குவதைத் தாயத்து விற்பதோடுதான் சேர்ப்பேன்.

ஆனால் லாக்டேட்டின் கதையை இதோடு விட மனமில்லை. ஓட்டப்பந்தய வீரர் எமில் ஜாடோபெக்கைச் சொல்லாமல் அது முழுமையாகாது.

1922-இல் செக்கோஸ்லோவாக்கியாவில் பிறந்தவர். ஸ்லின் நகரின் பாட்டா காலணித் தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது, 1941-இல், பிறர் வற்புறுத்தியதால்தான் முதல் பந்தயத்தில் ஓடினார். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் தங்கம். 1952 ஹெல்சின்கியில் எட்டே நாட்களில் 10,000 மீட்டர், 5,000 மீட்டர், அதுவரை ஒருமுறைகூடப் போட்டியில் ஓடியிராத மாரத்தான் என மூன்றிலும் தங்கம். ஒரே ஒலிம்பிக்கில் இந்த மூன்றையும் வென்றவர் இன்றுவரை வேறு எவரும் இல்லை. 5,000 மீட்டரை வென்ற அதே நாளில் மனைவி டானா ஈட்டி எறிதலில் தங்கம் வென்றார்!

அவருடைய பயிற்சி விசித்திரமானது. 400 மீட்டர் வேகமாக, பிறகு 200 மீட்டர் மெதுவாக, மறுபடி 400 வேகமாக. இப்படி இருபது, நாற்பது, சில காலங்களில் நூறு முறைகூட.

அது ஏன் பலித்தது என்று பார்க்கத் தசைக்குள் போக வேண்டும். அங்கே குளுக்கோஸ் உடைந்து பைருவேட் ஆகிறது, செல்லின் ஆற்றல் ஆலையான மைட்டோகாண்ட்ரியா அதை ஆக்சிஜனோடு எரிக்கிறது, பள்ளியில் படித்ததுதான். வேகம் கூடினால், மைட்டோகாண்ட்ரியா எரித்து முடிப்பதைவிடப் பைருவேட் விரைவாகக் குவியும். மிச்சம் லாக்டேட்டாக மாறும். அந்த மாற்றம் நடக்காவிட்டால் குளுக்கோஸ் உடைவதே நின்றுபோகும். ஓடுபவர் நடுவழியில் நிற்க வேண்டியதுதான்.

வெகுகாலம் லாக்டேட்டைக் கழிவு என்றே எல்லோரும் நினைத்தார்கள். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்து உடலியல் ஆய்வாளர் ஜார்ஜ் புரூக்ஸ் 1980-களில் வேறொன்றைச் சொன்னார்: லாக்டேட் ஊர்சுற்றும் எரிபொருள். வேகமாகச் சுருங்கும் தசை இழையில் உருவானது, செல் சவ்வின் புரத வாசல் வழியே வெளியேறி, பக்கத்தில் மெதுவாகச் சுருங்கும் இழைக்குள் நுழைந்து, மீண்டும் பைருவேட்டாகி எரிகிறது. ரத்தத்தில் இறங்கியது இதயத்துக்குப் போகிறது. இதயம் அதை விரும்பி எரிக்கிறது. மீதியைக் கல்லீரல் திரும்பவும் குளுக்கோஸாக்கி அனுப்புகிறது. ஒரு வீட்டில் மிஞ்சிய சோறு தெருவெங்கும் பசியாற்றுவதுபோல! இதை முதன்முதலில் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இப்போது ஜாடோபெக் மெதுவாக ஓடிய அந்த 200 மீட்டரைப் பாருங்கள். அது ஓய்வல்ல. மெல்ல ஓடும் கால்களும் இதயமும் அந்த நேரத்தில் லாக்டேட்டைத் தின்கின்றன. சும்மா நிற்பதைவிட விரைவாக அது குறைகிறது. இதையே மாதக்கணக்கில் செய்தால் மைட்டோகாண்ட்ரியா பெருகும். 1967-இல் அமெரிக்க ஆய்வாளர் ஜான் ஹாலோசி எலிகளை டிரெட்மில்லில் ஓடவிட்டு, தசையின் எரிக்கும் திறன் ஏறத்தாழ இரட்டிப்பாவதைக் காட்டினார். எலியை ஓடவிடவா அரசுப் பணம் என்று கேட்பவர்கள் உண்டு. நீரிழிவு நோயாளிக்கு உடற்பயிற்சி ஏன் உதவுகிறது என்று இன்று நமக்கு விளங்குவது அப்படிப்பட்ட ஆய்வுகளால்தான். உடனடிப் பயனைக் கேட்டே நிதி தருவோம் என்னும் பிடிவாதத்தை நம் நாடு விட வேண்டும்.

லாக்டேட் உருவாகும் வேகமும் எரியும் வேகமும் சமமாக இருக்கும்வரை ஓடிக்கொண்டே பேச முடியும். சமநிலை குலைந்தால் ரத்தத்தில் அமிலத்தன்மை ஏறும், மூச்சு இரைக்கும், வாக்கியம் பாதியில் அறுந்துபோகும். ஹெல்சின்கி மாரத்தானில், அப்போது உலகின் மிகச் சிறந்த நேரத்தை வைத்திருந்த பிரிட்டனின் ஜிம் பீட்டர்ஸிடம், "இந்த வேகம் சரிதானா?" என்று ஓடியபடியே கேட்டார் ஜாடோபெக். மெதுவாக இருக்கிறது என்றார் பீட்டர்ஸ். ஜாடோபெக் வேகத்தைக் கூட்டினார். பீட்டர்ஸ் தசைப்பிடிப்பால் பாதியில் நின்றுவிட்டார். வழிநெடுக மற்றவர்களோடு பேசிக்கொண்டே போன ஜாடோபெக், 2 மணி 23 நிமிடம் 3 விநாடியில் தனியாக மைதானத்துக்குள் நுழைந்து முடித்தார்.