பெயரில் மோடி இருந்தால் பிரதமர் கம்பெனியா?

இந்த வருஷத்தில் என்னிடம் வரும் இப்படிப்பட்ட புகார் இது நாலாவது. மண்டபம் பக்கத்துக் கிராமத்திலிருந்து, கடலில் பாசி எடுக்கப் போகும் ஒரு அக்கா வந்திருந்தார். முந்தானையில் முடிந்துவைத்திருந்த ரோஸ் கலர் ரசீதைப் பிரித்து என் மேஜையில் வைத்தார். வீட்டுக்காரர் கணக்கில் மீன்பிடித் தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய் ஏறிய மறுநாளே, அதில் 6,000-ஐ ஒரு சேமிப்புத் திட்டத்தில் கட்டியிருக்கிறார். ஒரே வருஷத்தில் இரட்டிப்பாம். கட்டச் சொன்னவர் போனை இப்போது எடுப்பதில்லை.

"எதை நம்பிக்கா கட்டுனீங்க?"

"பேரைப் பாருங்க சார், மோடின்னு போட்டிருக்குல்ல. அவுக கம்பெனின்னா கவர்மெண்டுதானே? ஓடியா போயிரும்?"

ராமநாதபுரத்தில் ஆடிட்டராக இருக்கிறேன். இரட்டிப்பு வட்டி ஏன் நடக்காது என்று விளக்கப் போவதில்லை. கந்துவட்டி வாங்கிக் கட்டிப் பார்த்த ஊர் இது, அந்தக் கணக்கு உங்களுக்கே தெரியும். என்னைக் கடுப்பேற்றுவது அந்தப் 'பேரைப் பாருங்க' தான்.

நம்மிடம் குடும்பப் பெயர் வைக்கும் வழக்கம் பொதுவாகக் கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்து, அப்புறம் நம் பெயர், அவ்வளவுதான். அதனால் வடக்கே இரண்டு பேருக்குப் பெயரின் வால் ஒன்றாக இருந்தால் உடனே பங்காளி என்று முடிவுகட்டிவிடுகிறோம். 'மோடி' என்றால் பலசரக்குக் கடைக்காரர் என்று பொருள். தொழிலை வைத்து வந்த பெயர். இந்துக்களிலும் உண்டு, சமணர்களிலும் உண்டு, பார்சிகளிலும் உண்டு. பழைய இந்தி சினிமாவின் சோராப் மோடி ஒரு பார்சி. டாடா ஸ்டீலை நடத்திய ரூசி மோடியும் பார்சிதான்.

பிரதமர் நரேந்திர மோடி 1950-இல் குஜராத்தின் வட்நகரில் பிறந்தவர். பெரிய தொழில் குழுமமான மோடி குடும்பம் வேறு. அதைத் தொடங்கிய குஜர்மல் மோடி, இன்றைய ஹரியானாவில் இருக்கும் மகேந்திரகர்க்காரர். 1933-இல் உத்தரப் பிரதேசத்தில் சர்க்கரை ஆலை போட்டார். அந்த ஊருக்கே இன்று மோடிநகர் என்றுதான் பெயர். வருஷத்தைக் கவனியுங்கள்: பிரதமர் பிறப்பதற்கு 17 வருஷம் முன்னால். ஐ.பி.எல். புகழ் லலித் மோடி இந்தக் குஜர்மலின் பேரன். வைர வியாபாரி நீரவ் மோடி இன்னொரு குடும்பம். ஆளுக்கு ஒரு ஊர், ஒரு வம்சம்.

தங்கச்சிமடம் தெருவில் நின்று "பெர்னாண்டோ!" என்று கூப்பிட்டுப் பாருங்கள். எத்தனை பேர் திரும்புகிறார்கள்? எல்லோரும் ஒரே வீட்டுப் பிள்ளைகளா? ஜார்ஜ் பெர்னாண்டஸ் ராணுவ மந்திரியாக இருந்தபோது, கிட்டத்தட்ட அதே பெயர்தானே என்று பாம்பனில் யாராவது அவரிடம் பங்கு கேட்டுப் போனார்களா? கீழக்கரையில் மரைக்காயர் எல்லோருக்கும் சொத்து ஒன்றா? இந்திரா காந்தியின் 'காந்தி' கணவர் பெரோஸ் வழியாக வந்தது, மகாத்மா வழியாக இல்லை என்று எந்த டீக்கடையில் கேட்டாலும் சொல்வார்கள். அந்தத் தெளிவு பணம் கட்டும்போது மட்டும் எங்கே போய்விடுகிறது?

குழப்பத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. 1996-இலிருந்து 'மோடிகேர்' என்று ஒரு நேரடி விற்பனைக் கம்பெனி இருக்கிறது, குஜர்மல் குடும்பத்தார் தொடங்கியது. 2018-இல் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் ரூபாய் வரைக்கான ஆயுஷ்மான் பாரத் மருத்துவக் காப்பீடு வந்தபோது, பத்திரிகைகள் அதற்கும் 'மோடிகேர்' என்றே பட்டப்பெயர் வைத்துவிட்டன. ஒன்று சோப்பு, ஷாம்பு விற்பது. இன்னொன்று ஆஸ்பத்திரிச் செலவுக்கு. அந்தக் கம்பெனி மேல் எனக்கு ஒரு புகாரும் இல்லை. சொந்தக் குடும்பப் பெயரைக் கம்பெனிக்கு வைப்பது குற்றமில்லை. அதை அரசாங்க முத்திரை மாதிரி காட்டிக் காசு கேட்கிற ஏஜெண்டைத்தான் சொல்கிறேன். பிரதமரின் பெயரையோ படத்தையோ அனுமதியில்லாமல் வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று 1950-லேயே சட்டம் இருக்கிறது. அக்காவின் ரசீதில் படமும் இருந்தது.

அப்புறம் அந்த லேமினேஷன் வித்தை. 'கம்பெனி ரிஜிஸ்தர் ஆனது' என்று பளபளவென்று ஒரு சான்றிதழைக் காட்டுவார்கள். அது உண்மையாகவே இருக்கலாம். அதனால் என்ன? நானே வாரத்துக்கு ஒரு கம்பெனி பதிவு செய்து கொடுக்கிறேன். பதிவு என்பது பிறப்புச் சான்றிதழ் மாதிரி. பொதுமக்களிடம் டெபாசிட் வாங்க அனுமதி வேறு, அதைத் தரும் இடமும் வேறு. ஜி.எஸ்.டி. எண்ணும் அப்படித்தான்.

எனவே பெயரை விடுங்கள், எண்ணைக் கேளுங்கள். ஒவ்வொரு கம்பெனிக்கும் 21 இலக்கத்தில் ஒரு பதிவு எண் உண்டு. கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் அதைப் போட்டால், டைரக்டர்கள் யார் என்று தெரிந்துவிடும். டெபாசிட் வாங்க அனுமதி இருக்கிறதா என்பதை ரிசர்வ் வங்கியின் 'சசேத்' தளத்தில் பார்க்கலாம். பார்க்கத் தெரியாவிட்டால் காலேஜ் போகிற பிள்ளையிடம் போனைக் கொடுங்கள். சிறுதொழிலுக்கான முத்ரா கடன் என்று யாராவது 'பிராசசிங் பீஸ்' கேட்டால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். முத்ரா நிறுவனம் தனி ஆளுக்கு நேரடியாகக் கடன் தருவதில்லை, பேங்க் மாதிரியான கடன் நிறுவனங்கள் வழியாகத்தான் வரும். நேரே பேங்குக்குப் போங்கள். ஜிபேயில் அனுப்பி ஏமாந்திருந்தால் அன்றைக்கே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு போன் போடுங்கள். மூன்று மாதம் கழித்து என்னிடம் வந்து அழுதால் நான் என்ன செய்வேன்?

சரி, திட்டிவிட்டேன். இனி ஒரு கெஞ்சல். அந்த அக்காவோடு சேர்ந்து இன்னும் ஒன்பது பேர் கட்டியிருக்கிறார்கள். வீட்டுக்குத் தெரிந்தால் சண்டை வரும் என்று இரண்டு பேர் ரசீதைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டார்களாம். மீதிப் பேர் தயவுசெய்து கிழிக்காதீர்கள் அம்மா. பொருளாதாரக் குற்றப் பிரிவில் புகார் எழுத அந்தத் துண்டுச் சீட்டுதான் வேண்டும். கொண்டு வாருங்கள், எழுதித் தருகிறேன். பீஸ் வேண்டாம்.