இரண்டுக்கொன்று: ‘ஸ்பிளிட் டிசிஷன்’ தமிழில் என்ன?

போன வாரம் சேலத்திலிருந்து ஏற்காடு போகும் பஸ்ஸில், அடிவாரம் தாண்டும் முன்பே பக்கத்து இருக்கை நண்பர் கைப்பேசியில் பழைய குத்துச்சண்டை ஒன்றை ஓடவிட்டார். 1987 ஏப்ரல் 6, லாஸ் வேகாஸ். பட்டம் வைத்திருந்த மார்வின் ஹேக்லரும் அதைப் பறிக்க வந்த சுகர் ரே லெனார்டும் மோதியது. படத்தின் மேல் யாரோ தமிழில் விளக்கம் பேசிச் சேர்த்திருந்தார்கள். பன்னிரண்டு சுற்றுகளும் முடிந்ததும் அந்தக் குரல் அறிவித்தது: “பிளவு முடிவின் மூலம் லெனார்ட் வெற்றி.”

முன் இருக்கைக்காரர் திரும்பினார். “அப்படியானால் மறுபடியும் சண்டை வைத்தார்களா?”

அவரைக் குறை சொல்ல முடியாது. ‘பிளவு முடிவு’ என்று கேட்டால் எந்தத் தமிழனுக்கும் அப்படித்தான் தோன்றும். ‘ஸ்பிளிட் டிசிஷன்’ என்ற ஆங்கிலத்தை அப்படியே பெயர்த்த இந்தச் சொல்லை நான் கேட்பது இது எத்தனையாவது முறை என்று எண்ணுவதை விட்டுவிட்டேன்.

ஆங்கிலச் சொல்லின் வரலாறு சுருக்கமானது. ‘ஸ்பிளிட்’ டச்சு மொழியோடு உறவுள்ள சொல், பிளப்பது. ‘டிசிஷன்’ லத்தீனிலிருந்து வந்தது. அடியில் இருக்கும் பொருள் வெட்டி அறுப்பது. நாம் ‘வெட்டு ஒன்று, துண்டு இரண்டு’ என்கிறோமே, அதே எண்ணம்தான். குத்துச்சண்டையில் இதன் பொருள் இன்னும் குறுகியது. மேடையைச் சுற்றி மூன்று பேர் உட்கார்ந்து சுற்றுக்குச் சுற்று மதிப்பெண் போடுகிறார்கள். சுற்றை வென்றவருக்குப் பத்து, தோற்றவருக்குப் பெரும்பாலும் ஒன்பது. முடிவில் இருவரின் தாள் ஒரு வீரருக்கும் மூன்றாமவரின் தாள் எதிராளிக்கும் போனால் அது ஸ்பிளிட் டிசிஷன். வெற்றி உறுதி, ஒருவர் மட்டும் ஒப்பவில்லை.

இதில் பிளந்தது எது? முடிவா? முடிவு முழுசாகத்தான் இருக்கிறது, பட்டமும் கைமாறிவிட்டது. தமிழில் பிளவு என்றால் பாறையில் விழுவது, கட்சியில் விழுவது. வெற்றிலையோடு மெல்லும் பாக்குத் துண்டும் பிளவுதான். முதுகில் வந்தால் பிளவை. இவற்றில் எதிலும் ‘ஒருவர் வென்றார்’ என்ற செய்தி கிடையாது. பிளவு என்றால் இரு துண்டும் இருக்கும். எது பெரியது என்று சொல் சொல்லாது.

நண்பர் நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவர். அவருக்குத் தயாராக ஒரு மாற்று இருந்தது: “மாறுபட்ட தீர்ப்பு என்று சொல்லிவிட்டுப் போங்கள் சார். பத்திரிகைகளில் எழுதுகிறார்களே.” மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் தொடங்கிய இந்தச் சண்டை எங்களுக்குப் பன்னிரண்டு சுற்றுக்கு மேல் நடந்தது.

‘மாறுபட்ட தீர்ப்பு’ கேட்க நல்ல தமிழ். ஆனால் அந்த நாற்காலியில் ஏற்கெனவே ஆள் உட்கார்ந்திருக்கிறார். 2018 ஜூனில் பதினெட்டு சட்டமன்ற உறுப்பினர்களின் தகுதிநீக்க வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதிகள் இருவர் ஆளுக்கொரு தீர்ப்பு எழுதினார்கள். பத்திரிகைகள் அதை மாறுபட்ட தீர்ப்பு என்றன, சரியாகவே சொன்னன. அதன் பொருள் என்ன? வழக்கு முடியவில்லை, மூன்றாவது நீதிபதிக்குப் போகிறது. அக்டோபரில் அவர் தகுதிநீக்கம் செல்லும் என்ற பிறகுதான் முடிந்தது. குத்துச்சண்டையிலோ மூன்றாமவர் முதலிலிருந்தே அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்! முடியாத வழக்கின் பெயரை முடிந்த சண்டைக்குச் சூட்டினால், முன் இருக்கைக்காரர் மறுபடியும் திரும்பித்தான் கேட்பார்.

“அப்படியானால் பெரும்பான்மைத் தீர்ப்பு” என்றார் நண்பர், விடாமல். இது இன்னும் மோசம். இருவர் ஒரு வீரருக்குக் கொடுத்து, மூன்றாமவர் சமன் என்று எழுதினால் வருவது வேறொரு வகை முடிவு. பெரும்பான்மை என்ற பெயர் அதற்குரியது. தனித்தமிழ்ப் பற்றுள்ள இன்னொருவர் ஒருமுறை ‘இருகூற்றுத் தீர்ப்பு’ என்று எழுதியனுப்பினார். கூற்று என்றால் எமனும்தான். இரண்டு எமன்கள் சேர்ந்து தீர்ப்பு எழுதினால் தோற்றவன் கதி என்னவாகும் என்று பதில் போட்டேன். பிறகு அவர் எழுதவில்லை.

தூய்மை எனக்கும் பிடிக்கும். ஆனால் தெளிவுக்கு அடுத்த இடம்தான் அதற்கு. நாங்கள் ஏறிக்கொண்டிருந்த பாதையையே பாருங்கள். இருபது வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை. ‘கொண்டை ஊசி வளைவு’ என்பதும் ஆங்கிலத்திலிருந்து வந்ததுதான். ஆனால் அதை ஆக்கியவர் ஆங்கிலச் சொல்லோடு நிற்காமல், பாட்டி தலையிலிருந்து ஊசியை உருவிப் பார்த்திருக்கிறார். ‘பிளவு முடிவு’ செய்தவர் அகராதியைத் தவிர எதையும் பார்க்கவில்லை. மேடைக்கு அருகே மதிப்பெண் போடுகிறவர்களை ‘நீதிபதிகள்’ என்று எழுதுவதும் இதே கையின் வேலை. நடுவர் என்றாலும் சிக்கல்தான்: மேடைக்குள் நின்று விலக்கிவிடுகிறவரும் நடுவர். ஹேக்லர், லெனார்ட் சண்டையில் அவர் மதிப்பெண்ணே போடவில்லை. அவரைக் களநடுவர் என்றும் மற்ற மூவரைப் புள்ளியாளர்கள் என்றும் பிரித்தால் பாதிக் குழப்பம் தீரும்.

என் சொல் ‘இரண்டுக்கொன்று தீர்ப்பு’. நான் கண்டுபிடித்தது இல்லை. வீட்டில் கிடந்ததை எடுத்தேன். இட்லிக்கு அரிசியும் உளுந்தும் நாலுக்கு ஒன்று என்கிறோம். கொத்தனார் மணலுக்கும் சிமென்ட்டுக்கும் ஐந்துக்கு ஒன்று என்கிறார். எந்தப் பக்கம் கூட, எந்தப் பக்கம் குறைவு என்பது சொல்லிலேயே இருக்கிறது. துணிக்கடைத் தள்ளுபடி போல ஒலிக்கிறது என்று நண்பர் சிரித்தார். ஒலிக்கட்டும். ஒலிம்பிக் குத்துச்சண்டையில் ஐந்து பேர் புள்ளி போடுவதால் அங்கே ‘மூன்றுக்கிரண்டு’ என்று மாற்றிக்கொள்ளலாம். டோக்கியோவில் 2021 ஜூலையில் மேரி கோம், கொலம்பியாவின் இன்கிரிட் வலென்சியாவிடம் அப்படித்தான் தோற்றார். வென்றுவிட்டோம் என்ற மகிழ்ச்சியோடு மேடையை விட்டு இறங்கியவருக்குத் தோல்வி பிறகுதான் தெரிந்தது. அந்தச் செய்தியில் ‘பிளவு’ என்று போட்டால் படிக்கிறவருக்கும் தெரியாது.

ஹேக்லருக்கு வருகிறேன். ஒருவர் 115-113 என்று லெனார்டுக்கும், ஒருவர் அதே 115-113 ஐ ஹேக்லருக்கும் போட்டார்கள். மூன்றாமவர் 118-110 என்று லெனார்டுக்கு எழுதினார். அதாவது பன்னிரண்டில் பத்து சுற்று. அந்தத் தாளை இன்றுவரை யாரும் நியாயப்படுத்தி நான் கேட்டதில்லை. ஆனால் முதல் சில சுற்றுகளில் தன் வழக்கமான இடக்கை நிலையை விட்டு வலக்கைக்காரராக நின்று ஹேக்லரே புள்ளிகளைக் கைநழுவவிட்டார் என்பதும், ஒவ்வொரு சுற்றின் கடைசி அரை நிமிடத்தில் லெனார்ட் படபடவென்று குத்திக் கண்ணைக் கவர்ந்தார் என்பதும் உண்மை. என் கணக்கில் லெனார்டுக்கு ஒரு சுற்று கூடுதல். அதனால் ஹேக்லரின் பெருமை குறையவில்லை. பட்டத்தைப் பன்னிரண்டு முறை காத்தவர். 1985இல் தாமஸ் ஹெர்ன்ஸை மூன்றே சுற்றில் சாய்த்தவர். லெனார்டோ இந்த 1987 சண்டைக்கு முந்தைய ஐந்தாண்டுகளில் ஒரே ஒரு சண்டைதான் போட்டிருந்தார். அந்த இரவுக்குப் பிறகு ஹேக்லர் மேடை ஏறவே இல்லை.

ஏரிக்கரையில் இறங்கும்போது நண்பர் சொல்லை ஒப்புக்கொண்டார், தீர்ப்பை ஒப்பவில்லை. “இரண்டுக்கொன்று, சரி சார். அந்த ஒன்றுதான் நான்.”